உம்மா தொடமாட்டேன் என்ற பூக்கள்

கல்யாணத்தன்று மணப்பெண் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. என்னால் முடியவில்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கால் மட்டும் நிற்காமல் ஓடியது. விடியற்காலை சுபஹு தொழுததிலிருந்து ஹாலுக்கும் குசினிக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தேன்.

"றுஸ்னா, ஒரு எடத்துல இரு புள்ள. பாக்கிற எனக்குத் தல சுத்துது" என்றார் நஸ்மியா சாச்சி. உம்மாவின் தங்கை அவர். கல்யாண வீட்டை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். நடத்த வேண்டிய உம்மா உள்ளறையில் இத்தா இருந்தார்.

வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புருஷனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது, நகை கூடாது, வாசனை கூடாது. மாத்தளை டவுன் மண்டபத்துக்கு உம்மா வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணத்தைத் தள்ளிப் போடுவோம் என்று நான் அழுது பார்த்தேன். மாப்பிள்ளை ஷிஹாமுக்குக் கட்டார் வேலையில் கிடைத்த லீவு இதுதான். "வாப்பா வெச்ச திகதி, அத மாத்த வாணாம்" என்று உம்மாவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் என்ன பேசுவது?

சரி, உம்மா வர முடியாது. அவர் கையால் கட்டின பொக்கேயாவது என்னோடு வரட்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் பொக்கே கட்டுவது உம்மாதான். சாச்சியின் மகளுக்குக் கட்டினார், வாப்பாவின் தம்பி மகள்களுக்குக் கட்டினார். தன் சொந்த மகளுக்குக் கட்டாமல் விட்டால் அது என்ன நியாயம்?

நேராகக் கேட்டால் மறுப்பார் என்று தெரியும். அதனால் "என் பொக்கேய நானே கட்டப்போறேன், துணிப் பூவுல இல்ல, பச்சப் பூவுல" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆரம்பித்தால் அவர் கை தானாக வந்துவிடும் என்பது என் கணக்கு. ஷிஹாமின் உம்மா ஸக்கியா மாமிக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேலையோடு பொக்கேயும் வருவதுதான் வழக்கம். "பச்சப் பூ வாடிப்போகுமே மகள்" என்று போனில் சொன்னார். பிறகு, "சரி, உங்கட விருப்பம்" என்றார். அந்த விருப்பம் கொஞ்சம் இழுத்துத்தான் வந்தது.

முதல் கோளாறு என் அண்ணன் ஹுஸ்னி நானாவால் வந்தது. காலையிலேயே டவுனுக்குப் போய்ப் பூ வாங்கி வா என்று அனுப்பியிருந்தேன். அவர் வெள்ளை ரோஜாவும் ஒரு பை நிறைய மல்லிகையும் கொண்டு வந்து மேசையில் கொட்டினார்.

"மோந்து பாரு. கடைக்காரருக்கிட்ட நல்லா வாசம் உள்ளதாத் தாங்கன்னு கேட்டு வாங்கினேன்" என்றார் பெருமையாக.

வீடு முழுக்க மணந்தது. சாச்சி ஓடி வந்து உம்மாவின் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். "இத்தா வீட்டுக்குள்ள இந்த வாசத்தக் கொண்டாந்து கொட்டிட்டியேடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நானா திகைத்துப்போய் நின்றார். பாவம், பூ வாங்கப் போகிறவர் வாசம் இல்லாத பூவா தேடுவார்? வாப்பாவின் இடத்தில் நின்று என்னை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் அவர்தான். அந்தப் பயத்தில் அவருக்கே தலைகால் புரியாமல் இருந்தது. பூவை அப்படியே அள்ளிப் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் கொடுத்தோம். அவர் சந்தோஷமாக விகாரைக்கு எடுத்துப் போனார்.

மிச்சமிருந்தது பின்வாசலில் வலைக்கூடாரத்துக்குக் கீழே உம்மா வளர்த்த அந்தூரியம்தான். வாப்பா போன பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளையும் சிவப்புமாகக் கிடைத்ததை எல்லாம் வெட்டினேன். வாசமே இல்லாத பூ. இதை விடத் தோதான பூ உலகத்தில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உம்மாவின் அறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். உம்மா வெள்ளைச் சேலையில் கட்டிலில் இருந்தார்.

"வாசம் இல்லம்மா, பயப்பட வாணாம். இந்த ரெண்டையும் கொஞ்சம் புடிங்களேன்."

உம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "நீ கட்டு மகள். நான் பாத்துக்கிட்டிரிக்கேன்."

"சும்மா புடிக்கத்தானே சொல்றேன்."

"வாணாம். இத்தால இரிக்கிறவட கை நல்ல காரியத்துல படக்கூடாது."

"எந்த மார்க்கக் கிதாபுல அப்பிடி இரிக்கு?"

"கிதாபுல இல்ல. சனத்திட வாயில இரிக்கு" என்றார் உம்மா. "நாளைக்கி ஒனக்கு ஒரு தலவலி வந்தாலும் இவட கை பட்டதாலதான்னு சொல்லுவாங்க. சனத்த விடு, நானே அப்பிடித்தான் நெனப்பேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கல்யாணத்தன்று உம்மாவோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயைக் கடித்துக்கொண்டு கட்டத் தொடங்கினேன். அந்தூரியத் தண்டு வழுக்கும். ஒன்றைச் சேர்த்தால் மற்றது திரும்பி முதுகைக் காட்டும். பச்சை டேப் தண்டில் ஒட்டாமல் என் விரலில் ஒட்டியது. அவசரத்தில் நல்ல வெள்ளைப் பூ ஒன்று கழுத்தோடு முறிந்தது. அவிழ்த்தேன், கட்டினேன், திரும்பவும் அவிழ்த்தேன்.

"கீழ புடி" என்றார் உம்மா. "அதில்ல, மத்தது. கொஞ்சம் சாச்சு வை." முந்தானைக்குள் அவர் விரல்கள் அசைவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் கூடியது. தெரிந்த கை ஒளிந்துகொண்டிருக்கிறது, தெரியாத கை கிடந்து மாய்கிறது.

மேக்கப் போட வந்த பெண் இடையில் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் என் முகத்தில் வேலை செய்தபோதும் நான் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேதான் இருந்தேன். பகல் ளுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் நானா பள்ளிவாசலிலிருந்து போன் பண்ணினார். நிக்காஹ் முடிந்துவிட்டது. நான் ஒருவருக்கு மனைவியாகிவிட்ட அந்த நேரம் என் பல்லுக்கிடையில் பச்சை டேப் துண்டு இருந்தது.

எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். இனிக் கொஞ்ச நேரம்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். மண்டபத்திலிருந்து நேராக யட்டவத்தையில் இருக்கும் ஷிஹாமின் வீடு. என் கையில் இருந்ததோ சந்தைக் கீரைக்கட்டு மாதிரி ஒன்று. அதிலும் உம்மாவின் விரல் ஒன்றுகூடப் படவில்லை.

வாசலில் வேன் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. "கெதியா உம்மாக்கு சலாம் சொல்லிட்டு வா" என்று சாச்சி முதுகில் தள்ளினார்.

உம்மா கட்டிலை விட்டு எழுந்து நின்றார். என் சேலையை, தலை முக்காட்டை, முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. முந்தானையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து என்னைக் கட்டிக்கொள்ள நீட்டினார்.

நான் ஓர் அடி பின்னால் போனேன்.

"வாணாம்" என்றேன். "பூவுல படக்கூடாத கை எனக்கு மேல மட்டும் படலாமா? ஒங்கட கை கூடாதுன்னா எனக்கும் கூடாது. என்னத் தொடாதீங்க. நான் இப்பிடியே போறேன்."

"றுஸ்னா, என்ன பேச்சு இது" என்றார் சாச்சி.

"எல்லார் புள்ளைக்கும் கட்டினீங்க. எனக்கு மட்டும் வாப்பாவும் இல்ல, நீங்களும் இல்ல. அங்க போய் நான் யாரக் கூட்டிக்கிட்டு வந்தேன்னு சொல்ல?"

சொல்லி முடித்ததும் பயந்துபோனேன். உம்மாவின் கைகள் நீட்டினபடியே நின்றன. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. வெடுக்கென்று பொக்கேயை என் கையிலிருந்து பறித்துக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் காலையிலிருந்து மாய்ந்து சுற்றின டேப் முழுவதையும் ஒரே இழுப்பில் உரித்தார். பூக்கள் மடியில் கலைந்து விழுந்தன.

"அள்ளா, என்ன ராத்தா செய்றீங்க, வேன் நிக்குது" என்று சாச்சி பதறினார்.

உம்மா பெரிய வெள்ளைப் பூவை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவசரமே படவில்லை. அதற்குள் ஸக்கியா மாமி அறை வாசலுக்கு வந்துவிட்டார். கையில் கண்ணாடித்தாள் சுற்றின துணிப் பொக்கே ஒன்று.

"மண்டபத்துல எல்லாரும் காத்துக்கிட்டிரிக்காங்க" என்றார் மாமி. "வாடிப்போனா இரிக்கட்டுமேன்னு நாங்க ஒண்டு கொண்டாந்தோம். இப்பைக்கு இதப் புடிச்சிக்கிட்டு வரட்டுமே." பிறகுதான் யார் கட்டுகிறார் என்பதைக் கவனித்தார். குரலைத் தாழ்த்தினார். "அதோட, நீங்க இத்தால இரிக்கிறீங்க..."

"ஓம், இத்தாலதான் இரிக்கேன்" என்றார் உம்மா, நிமிராமல். "பொண்ணுட உம்மாவும் நான்தான். உக்காருங்க ஸக்கியா. இத நான் கட்டி முடிக்காம என்ட மகள் படி எறங்க மாட்டா."

ஸக்கியா மாமி சாச்சியைப் பார்த்தார். சாச்சி என்னைப் பார்த்தார். நான் உம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, கசங்கின சேலையைப் பற்றிக் கவலைப்படாமல், அடுத்த பூவை எடுத்து நீட்டினேன். மாமி கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். சாச்சி வெளியே போய், எஞ்சினை நிறுத்தும்படி வேன்காரரிடம் சொன்னார்.