நழுவிய இருக்கை

விமானம் விழுந்ததும் முதலில் ஓடிப்போனவர் மெக்கானிக்தான். ஆனால் அவர் கை மாணவியைத் தூக்கப் போகவில்லை. இருக்கைக்குப் பக்கத்தில், விமானத்தின் உள்தரையை நோக்கிப் போனது. பின்னால் ஓடிவந்த பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டார். மூன்று நாளாக அந்தக் கை அவர் கண்ணை விட்டு அகலவில்லை.

அன்றுதான் அந்தப் பெண் முதல்முறையாகத் தனியாகப் பறந்தாள். விமானம் தரையை விட்டு எழும்பிய நொடியில் அவள் இருக்கை பின்னோக்கி வழுக்கியது. பிடித்திருந்த ஸ்டியரிங்கும் கூடவே இழுபட்டது. விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தது. வேகம் குறைந்து, இறக்கை சரிந்து, ஓடுபாதை ஓரத்துப் புல்லில் விழுந்தது. அவளுக்கு இடது கை முறிந்ததோடு கடவுள் காப்பாற்றினார்.

அந்த இருக்கை நகராமல் பிடிக்கும் பூட்டை முந்தின நாள் மாற்றியவர் மெக்கானிக். பயிற்சியாளரின் தங்கை கணவர்.

"மாப்பிள்ளை பூட்டுவாரு, மச்சான் ஓட்டச் சொல்லுவாரு. நல்ல குடும்பத் தொழில்!" என்று கேன்டீனில் ஒருவன் சொல்ல, டீ கிளாஸ் குலுங்கச் சிரித்தார்கள்.

விபத்து நடந்து மூன்று நாளாகிவிட்டது; மறுநாள் காலை விசாரணை அதிகாரி வருகிறார். பயிற்சியாளர் தன் வாக்குமூலத்தை எழுதி முடித்திருந்தார். கடைசி வரி: 'பூட்டு சரியாகப் பொருத்தப்படவில்லை என்று சந்தேகிக்கிறேன்.' கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டால் மெக்கானிக்கின் லைசென்ஸ் போய்விடும்.

தங்கை போன் செய்தாள்.

"என்னண்ணா எழுதியிருக்கே?"

"பார்த்ததை."

"அவர் தப்பு பண்ணினதைப் பார்த்தியா? பண்ணியிருப்பார்னு பார்த்தியா?"

போனை வைத்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தார். "எங்க இருக்கீங்க மாப்பிள்ளை?"

"ஷெட்லதான் மச்சான்."

பயிற்சியாளர் ஷெட் வாசலில் நின்றுதான் பேசினார். கதவில் பூட்டு தொங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் சார்," என்றார் காவலாளி. "மூணு நாளா இந்த நேரம் அங்கதான்."

சுருக்கென்றது. என்ன எழுத வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருக்கிறார்! வாக்குமூலத்தைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

மாணவியின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. பயிற்சியாளர் வெளியிலேயே நின்றார். இடுக்கில் மெக்கானிக் தெரிந்தார். ஆரஞ்சுச் சுளையில் விதை எடுத்து, அவளுடைய நல்ல கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கையை நானாவே நகர்த்தினேன், பூட்டைப் பார்க்கலேன்னு எழுதிடறேண்ணா," என்றாள் மாணவி.

"நீயாவா நகர்த்தினே? நேத்து வேற மாதிரி சொன்னியேம்மா."

"சார் என்னைத் தனியா விட்டுட்டு விமானத்திலேர்ந்து இறங்கும்போது, 'கால் எட்டலை பாரு, முன்னாடி தள்ளிக்கோ. சீக்கிரம், காத்து மாறுது'ன்னார். அதை எழுத வேண்டாம்ணா. அவருக்கே ஞாபகம் இல்லை போலிருக்கு."

"எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்காதே. மச்சான் நல்லவர்மா. ஞாபகம் வந்தா அவரே சொல்லுவார்."

பயிற்சியாளருக்கு ஞாபகம் வந்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை திரும்பியது, தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தது, பூட்டு விழுந்ததா என்று கேட்காமலே கதவைச் சாத்தியது, எல்லாம்.

திரையை விலக்கினார். மெக்கானிக் பதறி எழுந்தார்.

"பொய் சொல்லிட்டேன் மச்சான். இங்க வர்றது தெரிஞ்சா, இவளுக்குச் சொல்லிக்கொடுக்கறேன்னு நினைப்பீங்களோன்னு..."

"நினைச்சேன்." பயிற்சியாளர் தலை குனிந்தார். "அன்னிக்குக் கையை உள்ளே விட்டீங்களே, எதுக்கு?"

"பெட்ரோல் வால்வை மூடத்தான். ஒரு பொறி பட்டிருந்தா இவ நமக்கில்லை."

வகுப்புக்கு வகுப்பு அவரே கற்றுக்கொடுக்கும் பாடம் அது. சந்தேகம் புகுந்த மனம், தனக்குத் தெரிந்ததைக்கூட மறந்துவிடுகிறது.

"ஒரு வெள்ளைத்தாள் கிடைக்குமா?" என்று நர்ஸிடம் கேட்டு வாங்கினார். நின்றபடியே எழுதினார். முதல் வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்: 'ஓடுபாதையில் நிற்கும்போது இருக்கையை நகர்த்தச் சொன்னவன் நான். பூட்டைச் சோதிக்க விடாமல் அவசரப்படுத்தியவனும் நான்.'

"சார், உங்க வேலைக்கே ஆபத்து," என்றாள் அவள். "பூட்டைப் பார்க்காதது நான்தானே?"

"அது உன் தாள்ல இருக்கட்டும். இது என் தாள்."

மெக்கானிக் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மச்சான் பக்கம் தள்ளினார். பயிற்சியாளர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.