பணம் கேட்காதவன்

காலை பதினொன்றேகாலுக்கு மின்சாரம் போனது.

வெற்றிச்செல்வி கணவனின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டில் இருந்த கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்குகள் மொத்தமாக அணைந்திருந்தன. அவள் கையைத் துடைப்பதற்குள் செல்போன் அடித்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போன மகேஷ்தான்.

"அக்கா, லைன் போயிடுச்சு."

"கரண்ட் இல்ல தம்பி."

"பேட்டரி குடுத்திருக்கேன்ல?"

"அது சார்ஜே ஏற மாட்டேங்குது. அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னா ஆச்சாக்கா? மேல உள்ளவங்க என்னையத்தான் கேக்குறாங்க. பக்கத்து வூட்டுலேர்ந்து ஒயர் இழுங்க."

"பக்கத்து வூட்டுக்கும் இதே கரண்ட்டுதான் தம்பி வருது."

அவன் வைத்துவிட்டான். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ரஞ்சித்குமார் சிரித்தான். "மினிஸ்டர் வூட்டுல கரண்ட் போனாக்கூட இவ்ளோ சுருக்கா கேக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெட்டி அணைந்ததும் எங்கோ இருக்கும் ஒருவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அவனுக்கு மேலே இன்னும் யாரோ இருக்கிறார்கள். கொஞ்ச நாளாக இந்த நினைப்பு அவளைச் சாப்பிடவிடவில்லை.

ரஞ்சித்குமார் கரும்பு லோடு கட்டும்போது கயிறு அறுந்து மேலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிவிட வேண்டும். தவறினால் தோல் கன்றிப் புண்ணாகும். ஒருமுறை ஆகி, ஆறுவதற்குள் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அதனால் வெற்றிச்செல்வி வேலைக்குப் போக முடியாது. வேலைதான் அவள் வீட்டுக்கு வர வேண்டும்.

வாலிகண்டபுரத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு என்னென்ன வேலை வரும் என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் சின்ன வெங்காயம். வியாபாரி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். உரித்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு வீடு தள்ளியிருக்கும் சின்னம்மாள் அத்தையும் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆனால் அதே அறையில்தான் கட்டில். அவனால் எழுந்து வெளியே போக முடியாது. நாளெல்லாம் கண்ணில் நீர் வழியக் கிடந்தான்.

"நான் இன்னும் சாவலத்தே. அதுக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்து இப்படி அழுவுறீங்களே."

"நீ செத்தா நாங்க ஏண்டா அழுவுறோம்? வெங்காயத்த வெளியில வச்சு உரிப்போம்" என்றாள் சின்னம்மாள்.

வாசலில் வைத்தும் உரித்துப் பார்த்தார்கள். காற்று உள்ளே அடித்தது. அதை விட்டாள்.

தையல் தெரியும். ஆனால் தெருவில் ஏற்கெனவே மிஷின்கள் இருந்தன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று நினைத்தாள். அவள் வீட்டு மாவை மேலத்தெருவில் வாங்க மாட்டார்கள். யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் தெருவில் மாவைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு.

செல்போனில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று ஒரு விளம்பரம் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். அவள் பன்னிரண்டாவது முடித்தவள். மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். வேலை தருகிறேன் என்று பணம் கேட்டால் அது ஏமாற்று. அந்த எண்ணைத் தடை செய்தாள். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகுதான் மகேஷ் வந்தான். அவன் பணம் கேட்கவில்லை. கொடுத்தான்.

"துபாய், சிங்கப்பூர்ல நம்ம ஊர் ஆளுங்க எவ்வளவு பேரு இருக்காங்க! அவங்க வூட்டுக்குப் பேசுறப்ப லைன் தெளிவா இருக்கணும்லக்கா, அதுக்குத்தான் இது. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பொட்டிய அணையாம பாத்துக்கிட்டா போதும்." அவள் பேரிலேயே இன்டர்நெட் இணைப்பு வாங்கிக் கொடுத்தான். மாதம் பிறந்தால் அவள் கணக்கில் சம்பளம் ஏறியது. ரஞ்சித்குமாருக்குக் காற்று மெத்தை வாங்கினாள். புண் வரவில்லை.

பெட்டிக்கு சிம் கார்டு வேண்டும் என்று மகேஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் மேசை போட்டான். சிம் இலவசம், கூடவே ஒரு பிளாஸ்டிக் குடம். வெற்றிச்செல்விதான் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்துவந்தாள். ஆதார் அட்டையைக் காட்டி ரேகை வைத்தார்கள். "விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றான் மகேஷ். வைத்தார்கள். "இன்னும் ஒரு தடவை." அதையும் வைத்தார்கள். வேறு ஊராக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். களை வெட்டியும் வெங்காயம் உரித்தும் தேய்ந்த விரல்கள் அவை. ரேஷன் கடையில் மாதாமாதம் விழாத ரேகை இங்கே மட்டும் விழுந்துவிடுமா என்றுதான் நினைத்தார்கள்.

மின்சாரம் திரும்பி வந்தது. விளக்குகள் எரிந்தன. அவள் மூச்சுவிட்டாள். அப்போது தெருவில் ஒரு போலீஸ் ஜீப் நுழைந்து, அவள் வீட்டைத் தாண்டி, சின்னம்மாள் வீட்டு வாசலில் நின்றது.

அவள் ஓடினாள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. பெண் எஸ்.ஐ. கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு செல்போன் எண்ணைப் படித்தார். "இது உங்க பேர்ல இருக்கும்மா."

சின்னம்மாள் சிரித்தாள். "எம் மவனுக்குப் போன் போடவே எனக்கு அடுத்தவ வரணும். நம்பரைப் பாத்தா எனக்கு நம்பராவா தெரியும்?"

"சிரிக்காதீங்க. இந்த நம்பர்லேர்ந்து அரியலூர்ல ஒரு பொண்ணுக்குப் பேசியிருக்காங்க. உம்மேல கேஸ் இருக்கு, அரெஸ்ட் பண்ணப் போறோம்னு மெரட்டியிருக்காங்க. புருஷன் விபத்துல செத்துக் கெடைச்ச பணம். மொத்தத்தையும் புடுங்கிட்டாங்க. கைல ரெண்டு புள்ள. வண்டியில ஏறுங்க, விசாரிக்கணும்."

சின்னம்மாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல வடிந்தது. "நான் வெங்காயம் உரிக்கிறவ தாயி" என்றாள்.

வெற்றிச்செல்வி வீட்டுக்குத் திரும்பினாள். செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஊருக்குள்ள ஜீப்பு வந்திருக்காமே. ஒயரைப் புடுங்கிட்டு பொட்டிய எங்கயாவது மறைச்சு வைங்க. வாயத் தொறக்காதீங்க. நெட்டு உங்க பேருல, காசு வந்தது உங்க கணக்குல. எம் பேரு எங்கயும் இல்ல, பாத்துக்குங்க."

இம்முறை அக்கா என்ற சொல் வேறு மாதிரி கேட்டது.

நடந்ததை ரஞ்சித்குமாரிடம் சொன்னாள். அவன் அலமாரிப் பக்கம் கையை நீட்டினான். "கெணத்துல போடு. இப்பவே போடு."

"பொட்டிய கெணத்துல போட்டுடலாம். அத்தைய ஜீப்புலேர்ந்து யாரு எறக்குறது?"

"உன்னையும் சேத்துல்ல கூட்டிட்டுப் போவாங்க."

"ஆமா."

"அப்புறம் நான்?"

அதைத்தான் அவளும் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு ராத்திரி ஸ்டேஷனில் வைத்துவிட்டால் இவனை யார் புரட்டுவது, யார் துடைப்பது? இவனுக்காகத்தானே இந்தப் பெட்டி? அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் சம்பளம் நின்றுவிடும் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

தெருவில் ஜீப் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரஞ்சித்குமார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான்:

"என்னைய அந்தப் பக்கம் புரட்டி வுட்டுட்டுப் போ."

அவள் புரட்டினாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். தண்ணீர்ச் செம்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

சின்னம்மாள் ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். வெற்றிச்செல்வி பெட்டியை ஜீப்பின் முன்பக்கம் வைத்தாள்.

"அத்தைய விட்டுடுங்க மேடம். ரேகை விழலன்னு சொல்லிச் சொல்லி அவங்க பேருல வாங்குன சிம்மு இதுக்குள்ள இருக்கும். இந்தத் தெருவுல பாதி பேரோடது இருக்கும். ரேகை வைக்கக் கூட்டியாந்தது நான்தான்."

எஸ்.ஐ. பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "எங்கயோ உக்காந்து பேசுறவன உங்க நம்பர்லேர்ந்து பேசுற மாதிரி காட்டுற பொட்டி இது. தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்." கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படிப் பேசினாள். "காசு கேட்டா ஏமாத்துன்னு குழுவுல சொன்னாங்க, அதை நல்லா மனசுல வச்சிருந்தேன். சும்மா காசு குடுக்குறவன ஏன்னு கேக்கணும்னு தோணல. என்ன வேலை செய்யிறோம்னு தெரியாம வாங்குறது கூலி இல்லீங்க. எங்கயோ ஒரு வூட்டுல திருடுனதுல நமக்கு வர்ற பங்கு. நீங்களும் கேட்டுக்குங்க. வூட்டுல உக்காந்தே சம்பாதிக்கலாம்னு எவன் வந்தாலும், அந்தக் காசு யாருகிட்டேர்ந்து வருதுன்னு மொதல்ல கேளுங்க."

குடம் வாங்கிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயும் ஏறு. ஆளு யாருன்னு சொல்லு, மத்ததைப் பாப்போம்" என்றார் எஸ்.ஐ. "பெரியம்மா, நீங்க இருங்க. தேவைப்பட்டா கூப்புடுறோம்."

"பூங்குழலி" என்று வெற்றிச்செல்வி கூட்டத்தில் நின்ற எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவரைப் புரட்டி வுடுடி. ஆம்பள ஆளு யாரையாவது தொணைக்குக் கூப்பிட்டுக்க."

பூங்குழலி தலையாட்டினாள். வெற்றிச்செல்வி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

சின்னம்மாள் போகவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திட்டுவாள் என்று வெற்றிச்செல்வி காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. தன் கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"ஏண்டி செல்வி, அந்த அரியலூருப் பொண்ணு புள்ளைங்கள கூட்டிக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னா, நான் அவகிட்ட என்னடி சொல்றது?"