வெள்ளிவிழா மலரில் வந்த முகவரி

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பழனியில் யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலையேம்மா," என்றார் கமர்ஜஹான் அக்கா. எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத் அவருடையது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு இப்பிடி ஓடியாந்த? யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"இன்னொரு தடவ போடுங்கக்கா."

பழனிக்குக் கிளம்பிய வேன் இந்நேரம் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியிருக்கும். அதில் அம்மாவின் தம்பி சுருளிவேல் மாமாவும், நான் முன்பின் பார்த்திராத இரண்டு பேரும் இருக்கிறார்கள். மாமாவின் சட்டைப் பையில் ஒரு காமிக்ஸ் புத்தகம் மடித்துச் செருகியிருக்கிறது. என் அக்கா மகேஸ்வரி ஒளிந்து வாழும் வீட்டின் முகவரி அதில் அச்சாகியிருக்கிறது. அதைப் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தது நான்.

அக்காவை மாமாவுக்கென்று பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். அவள் பிராங்க்ளின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அண்ணனுக்குப் பழனியில் ஒரு லாட்ஜில் வேலை. இது எனக்கும் என் வகுப்பு ஜெஸ்ஸிக்கும் மட்டும்தான் தெரியும். ஜெஸ்ஸி பிராங்க்ளின் அண்ணனுக்கு மாமா மகள். அக்கா ஓடிப்போன அன்று மாமா கத்தவில்லை. "தேட மாட்டேங்க்கா. கெடைக்கும்போது கெடைக்கட்டும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த மாதம் பிராங்க்ளின் அண்ணனின் தம்பியைச் சிறுமலை ரோட்டில் நிறுத்திப் பேசியிருக்கிறார். பேசத்தான் செய்தேன் என்றார். அந்தத் தம்பிக்கு இன்றுவரை வலது கை மடங்காது.

எனக்கும் அக்காவுக்கும் நிழல்வேந்தன் என்றால் உயிர். பச்சை முகமூடி போட்டுக்கொண்டு கூரை மேலிருந்து குதிப்பானே, அவன்தான். ஒரே போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்போம். சிவகாசியிலிருந்து வரும் அந்தப் புத்தகத்துக்குக் கடிதம் எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் வந்தாலே ஊர்ப்பட்ட பையன்கள் விசாரித்து வீட்டுக்குக் கடிதம் போடுவார்கள். அப்பா காலை உடைத்துவிடுவார். ஜெஸ்ஸி மூலமாக அக்காவிடம் கேட்டேன். 'என் அட்ரஸைக் குடுடி. சந்தாவும் இங்கேயே வரட்டும். மொதல்ல நான் படிப்பேன், அப்புறம்தான் உனக்கு' என்று எழுதியிருந்தாள்.

முழு முகவரி இல்லாத கடிதங்களை அவர்கள் புத்தகத்தில் போடுவதில்லை. எழுதினாலும் 'அன்புமணி, பழனி' என்று மட்டும்தான் அச்சில் வரும். என் கடிதங்கள் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன. நிழல்வேந்தனின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு வெள்ளிவிழா மலர் போடுகிறோம், ரசிகர்கள் போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அனுப்பினேன். வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதற்காக 'நண்பர்கள் வட்டம்' என்று முழு முகவரியோடு அந்த மலரில் புதிதாக ஒரு பகுதி வரப்போவது எனக்கு எப்படித் தெரியும்?

இன்று சாயங்காலம் மாமா அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்.

"யக்கா, ஓடியா! பஸ் ஸ்டாண்டு பேப்பர் கடையில பாத்தேன். ஒம் மக புஸ்தகத்துல வந்துருக்கா!"

"அந்தக் கொரங்கு புஸ்தகத்துலயா?" என்று அப்பா டிவியிலிருந்து திரும்பினார்.

"கொரங்கோ கழுதையோ, ஊரே பாக்குதுல்ல மச்சான். ரெட்டச் சடையும் அவளும், மூஞ்சியப் பாருங்க!"

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் போட்டோவைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அம்மாவுக்கு வாசிக்க வராது என்பதால் மாமாவே ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசித்தார்.

"'நிழல்வேந்தன் காப்பாற்றியவர்களிடம் பெயர்கூடக் கேட்பதில்லை. ஊரே அவனைத் தேடினாலும் அவன் இருக்குமிடம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவனைப் பிடிக்கும்.' ஏத்தா, இம்புட்டு அறிவு எங்கிட்டு இருந்து வந்துச்சு? நிச்சயமா ஒங்கப்பன்கிட்ட இருந்து இல்ல!"

அப்பாகூடச் சிரித்தார்.

"கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டுருக்கான். 'அன்புமணி, பத்தாம் வகுப்பு, கேர் ஆப்...'"

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கடைசி வரி வரைக்கும் அசைந்தது. பிறகு அதே இடத்தை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தார். 

மாமா புத்தகத்தை மடித்துப் பையில் வைத்தார். "அல்வா எடுத்துக்கத்தா, ஆறிரப் போவுது. யக்கா, சோறு இருக்கா? என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்கா பொரிச்சேன்," என்றாள் அம்மா. அவள் குரல் அவளுடையதாக இல்லை. முகவரியை அவள் வாசிக்கவில்லை, தம்பியின் முகத்தை வாசித்துவிட்டாள்.

மாமா நிதானமாகச் சாப்பிட்டார். கத்திரிக்காயை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்ப் போனில் யாரிடமோ வண்டியை எடுத்து வரச் சொன்னார்.

"மாப்ள, இருட்டிருச்சு," என்றார் அப்பா. "எதுவா இருந்தாலும் காலையில பேசிக்கலாம்."

"பேச என்ன மச்சான் கெடக்கு? பழனிக்குப் போயி ரொம்ப நாளாச்சு. சாமி கும்புட்டு வாரேன்."

வேன் கிளம்பியதும் அப்பா வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணயரும்வரை காத்திருந்து அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இம்புட்டு நாளும் ஒனக்குத் தெரியுமாடி?"

தலையாட்டினேன்.

"எளச்சுட்டாளா?"

"இல்லம்மா. குண்டாயிட்டாளாம். ஜெஸ்ஸி சொன்னா."

அம்மா சேலையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. பிறகு அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்து என் கையில் திணித்து, கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். "போயி போன் போடு. ஓடு."

அப்படித்தான் பூத்துக்கு ஓடிவந்தேன். அக்கா குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்கார அம்மாவிடம் போன் இருக்கிறது, நம்பரை ஜெஸ்ஸி தந்திருந்தாள். இந்த முறை எடுத்தார்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கு யாருங்க?"

"மேல் வீட்டு மகேஸ்வரியக் கூப்புடுங்க. அவசரம்."

"மேல லைட்டே எரியலீங்களே. இருங்க, தட்டிப் பாக்கறேன்." நெடுநேரம் கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "தட்டுனேனுங்க, சத்தத்தக் காணோம். தூங்கறாங்களோ, எங்காச்சும் போயிட்டாங்களோ. அந்தத் தம்பிக்கும் நைட் டூட்டியாட்ட இருக்குதுங்க. காலையில சொல்லட்டுங்களா?"

"காலையில வேணாம்! யாராச்சும் வண்டியில வந்தா கேட்டத் தொறக்காதீங்க!"

"நீங்க யாருங்கம்மணி?"

வீதிப் பக்கம் ஏதோ ஹாரன் சத்தம் கேட்டது. "யாரோ வராங்களாட்ட இருக்குதுங்க, வெச்சுடறேன்," என்று வைத்துவிட்டார். திரும்பப் போட்டபோது மணி மட்டும்தான் அடித்தது.

கமர்ஜஹான் அக்கா என் தோளைப் பிடித்தார். "எல்லாத்தையும் கேட்டேன்மா. போலீசுக்குப் போடவா?"

போட்டால் மாமாவின் பெயரைச் சொல்லவேண்டும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் திருவிழா காட்டிய மனிதர்.  கமர்ஜஹான் அக்கா ரிசீவரை என்னிடம் நீட்டியபடியே நின்றார். நான் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஊர் அடங்கி வெகுநேரம் கழித்து வேன் சத்தம் கேட்டது. அப்பா பூட்டைத் திறந்தார். மாமா மட்டும் இறங்கினார். அந்த இரண்டு பேரையும் காணோம். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பஞ்சாமிர்த டப்பா. கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவினார். கைகளை மட்டும் மறுபடி கழுவினார்.

"சுருளி," என்றாள் அம்மா. "அவளப் பாத்தியா?"

"நான் சாமியப் பாக்கத்தானக்கா போனேன்." டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டு, கூடத்தில் பாயை விரித்தார். என்னைத் தாண்டும்போது நின்றார். "ஏத்தா, இனிமே எழுதுனா நம்ம வீட்டு அட்ரஸே குடு, என்ன? அந்த வீட்டுல ஆளு இல்ல."

அவ்வளவுதான். படுத்துக்கொண்டார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பிரிக்காத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். கூடத்தில் மாமா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. அவரும் தூங்கவில்லை. சந்தாதாரர்களுக்கு மலர் தபாலில்தான் போகும். கடைக்கு வருவதற்கு முன்பே போய்விடும் என்பார்கள். சில மாதங்களில் பிந்தியும் போயிருக்கிறது. அது முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் அக்கா தன் முகவரி அதில் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் ஒரு நிமிஷம்கூட அங்கே இருந்திருக்க மாட்டாள். கதவைத் தட்டியபோது சத்தமில்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பயந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்திருக்கவும் செய்யலாம்.

மாமா போய்ச் சேரும்போதே அந்த வீட்டில் ஆளில்லையா, இல்லை அவர் போன பிறகுதான் ஆளில்லாமல் போனதா?