அத்தைக்கு முதல் துண்டு

என் புருஷனின் அக்கா மார்கிரட், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் ஹட்டன் பேக்கரியில் வாங்கிய கேக்கோடு எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வருவார். நல்ல மனுஷிதான், வாய்தான் சரியில்லை. ஐம்பத்துநான்காம் வருஷம் கேக்கை வெட்டிக்கொண்டே, "லயத்துப் புள்ளைங்களுக்கு நாம கொண்டாந்தாத்தானே கேக்கு" என்று சொல்லிவிட்டார். எட்டு வயது பிலோமினா, என் மூத்தவள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அன்றைக்கு ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. அடுத்த நத்தாருக்கு நானும் என் பிள்ளைகளும் கேக் சுட்டு, அவருக்கே முதல் துண்டைக் கொடுப்பது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

கேக் சுடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தின்கிறேனே, அது போதாதா?

ஐம்பத்தைந்தாம் வருஷத்து நத்தார் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பூசை முடிந்து வந்ததுமே அடுப்பை மூட்டினேன். மார்கிரட் பகல் பஸ்ஸில் வந்துவிடுவார். பிலோமினா முட்டை அடித்தாள். சின்னவன் அந்தோனி கோதுமை மாவைச் சலித்தான்; பாதி கிண்ணத்தில், மீதி அவன் தலையில். சீனிக்குள் அவன் விரல் போய்ப் போய் வந்தது. அவனைத் திட்டிக்கொண்டே நானும் ஒரு விரல் நக்கினேன்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், காம்பராக்கள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு' என்பார்கள். அதனால் எங்கள் கேக் எல்லாக் காம்பராவுக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது.

"றோசலினு, நெருப்ப கொறச்சு வையி!" பக்கத்துக் காம்பரா வேலாயியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"நீங்க எப்பக்கா கேக்கு சுட்டீங்க?"

"சுட்டாத்தான் சொல்லணுமா?"

நான் ஆப்பச்சோடாவைக் கலந்துவிட்டு, பாத்திரம் கழுவ வெளியே பீலியில் கொட்டும் தண்ணீருக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து அடுத்த காம்பராவிலிருந்து மீனம்மா, "சோடா போட்டாச்சாடி?" என்று கத்தியிருக்கிறாள். அம்மா மறந்துவிட்டாள் என்று பிலோமினா ஒரு கரண்டி போட்டாள். அக்காள் போட்டால் தானும் போட வேண்டுமே, அந்தோனி மிச்சத்தையும் கொட்டிவிட்டான். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றும் அறியாத நான் கலவையைச் சட்டியில் ஊற்றி, தகர மூடி போட்டு, மேலே தணலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூடி ஆடியது. பிறகு எழுந்தது.

"அம்மா, கேக்கு வெளிய வருது!" அந்தோனி குதித்தான்.

நான் இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் வழிந்தது. பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன், வந்தது சிரிப்பு. "என்னடி ஆச்சு, சொல்லுங்கடி!" என்று சுவருக்கு அப்பால் வேலாயி தவியாய்த் தவித்தாள்.

அந்தக் கூத்துக்கு நடுவில்தான் மார்கிரட் கேக் டின்னோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் லயமே நின்றது.

பிலோமினா எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டாள். வழிந்தது போக வெந்து நின்றதை நான் தட்டில் கவிழ்த்ததும், கோணல்மாணலாகக் கிடந்த அந்தக் கேக்கை வெட்டினாள். "நாங்க சுட்டது அத்தை. மொதத் துண்டு உங்களுக்கு."

மார்கிரட் கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். நான் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டேன், துணி வெளுக்கும் சவர்க்காரம் தோற்றது! தொலைந்தோம், இனி இவர் வாயை எந்த ஜென்மத்தில் மூடுவது என்று நினைத்தேன். ஆனால் மார்கிரட் பிலோமினாவின் முகத்தைப் பார்த்தார். சிரமப்பட்டு விழுங்கினார்.

"நல்லாருக்கு தங்கம். இன்னொரு துண்டு குடு."

பிலோமினாவும் ஒரு வாய் தின்றாள். முகம் கோணியது. "பொய்யி அத்தை! கசக்குது!"

வாசலில் நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது. மார்கிரட்டும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கசக்கத்தான் செய்யுது," என்றார். "ஆனா எனக்குன்னு இதுவரைக்கும் யாருடி கேக்கு சுட்டுக் குடுத்தா?"

இரண்டாவது துண்டையும் எடுத்துக் கடித்தார். பிலோமினா அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"சரி, இப்ப உங்க கேக்க குடுங்க."