தொப்பியும் பெல்ட்டும்

ஒரு தேசம் நிம்மதியாகத் தூங்குகிறதென்றால், எங்கோ ஓர் எல்லையில் ஒரு வீரன் கண் விழித்து நிற்கிறான் என்று பொருள். இந்த மாபெரும் உண்மையை மேஜர் அன்று காலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உரக்க அறிவித்தார். அறிவித்துவிட்டு, விடிந்ததிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் தாண்டிப் போய், முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்து நீட்டினார். ரத்தம் எடுக்கும் பெண் அவரைத் தடுக்கவில்லை. போன மாதம் பேசிப் பார்த்திருந்தாள்.

அவருடைய மனைவி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரங்களில் அவள் அவரோடு வந்தவள் இல்லை. வங்கியில் வட்டி விகிதப் பலகை, ரயில் நிலையத்தில் கால அட்டவணை, இங்கே சிறுநீரகம். கேட்டால் பார்க்காமலே வரைந்து காட்டுவாள்.

பக்கத்து நாற்காலி இளைஞன் அவளிடமே முறையிட்டான். "பாத்தீங்களாம்மா? எங்க அண்ணனும் பட்டாளத்துலதான் இருக்கான். லீவுல வந்தா யூனிஃபார்மைப் பெட்டியில போட்டுப் பூட்டிடறான். ஏன்டான்னு கேட்டா, 'இந்த மாதிரி பெருசுங்க ஊர் பூரா பேரைக் கெடுத்து வெச்சிருக்குதுங்க, நான் எங்க போய் நெஞ்சை நிமித்தறது'ங்கறான்."

"அப்படியா தம்பி?" என்றாள் அவள், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல. பிறகு மறுபடியும் சிறுநீரகத்துக்குத் திரும்பினாள்.

தன்னை மேஜர் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குடியிருப்புக்கு வந்த அன்று, லாரியிலிருந்து பீரோவை இறக்கியவர்களை அவர் விரட்டிய விரட்டலைக் கேட்டு, மாடியிலிருந்து யாரோ "என்ன மேஜர் சார், சண்டை பலமா?" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். உண்மையில் அவர் உடுப்புக் கிடங்கில் இருந்தவர். சட்டைக் கையில் மூன்று பட்டை, அதாவது ஹவில்தார். பணிக்காலம் முழுவதும் நாட்டின் சாக்ஸையும் பூட்ஸையும் கம்பளியையும் எதிரிகளிடமிருந்தும், அதைவிட முக்கியமாக நம் ஆட்களிடமிருந்தும் காப்பாற்றியவர். அந்த வேலையில் அவர் சூரர். ஒருவன் வாசல்படி தாண்டும்போதே காலைப் பார்த்து "எட்டு" என்பார், எட்டாகத்தான் இருக்கும். முதன்முதலில் இவளைச் சந்தித்த அன்றும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம், அளவு கேட்காமலே ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். கச்சிதமாக இருந்தது. பூவோ கவிதையோ கொண்டுவந்திருந்தால் அவள் யோசித்திருப்பாள், செருப்பில் விழுந்துவிட்டாள்.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு அவரிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சண்டைக்குப் போனீங்களா?" சாக்ஸ் கொடுத்தேன் என்று அவர் சொல்வார். கேட்டவர் முகம் காற்று போன பலூனாகச் சுருங்குவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அப்படிச் சில முகங்கள் சுருங்கிய பிறகு கதையிலிருந்து சாக்ஸ் காணாமல் போயிற்று. பனிமலை வந்தது. பிறகு குண்டு வந்தது. கடைசியில் அவர் மடியில் உயிரை விட்ட நண்பன் ஒருவனும் வந்து சேர்ந்தான். பாவம், சொல்லும்போதெல்லாம் அவனுக்குப் பெயர் மாறும். அவள் திருத்தவில்லை. சுருங்காத முகங்களை அந்த மனிதர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டாள். கதையோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. கதைக்கேற்ற மரியாதையையும் அவர் கேட்டு வாங்கத் தொடங்கினார்.

முதல் வாடகை வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் சாவியைக் கைப்பற்றி, தண்ணீர் விடும் நேரத்தை விசில் ஊதி அறிவித்தார். அடுத்த வீட்டில், கீழ்வீட்டு மாப்பிள்ளையின் முடிவெட்டு தேசத்துக்கே அவமானம் என்று மாமனார் முன்னிலையில் சொன்னார். அதற்கடுத்த வீட்டில் நடந்ததை அவள் நினைக்க விரும்புவதில்லை. ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் அவர் "முகாம் மாற்றம்" என்று கம்பீரமாகச் சொல்வார். மூட்டை கட்டுவது அவள்.

இந்த வீட்டை மட்டும் விட அவளுக்கு மனமில்லை. சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழும். எதிர்வீட்டில் டீச்சர். இரண்டு கதவுகளும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். இவள் இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், டீச்சர் அங்கே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள், இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டு வாசலிலும் ஒரே மாதிரித் திரைச்சீலை: மஞ்சளில் பெரிய பெரிய சிவப்புப் பூ. கடையில் இருவரும் சேர்ந்து, மொத்தமாக எடுத்தால் மலிவு என்று எடுத்தது. மிச்சத் துணியை அவள் வீணாக்கவில்லை.

இந்த வீட்டுக்கும் ஆபத்து வந்தது. வாட்ச்மேன் வழியாக.

வாட்ச்மேன் அறுபதைத் தாண்டியவர். பட்டாளத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முன்பு மாவு மில்லில் மூட்டை தூக்கினார். மேஜர் அவருக்குத் தினமும் காலையில் சல்யூட் அடிக்கப் பயிற்சி கொடுத்தார். ஒருநாள் அந்த மனிதர் வெறுந்தலையோடு அடித்துவிட்டார். "தொப்பியில்லாத தலைக்கு சல்யூட் கிடையாது. அடிக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. போய்ப் போட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பினார் மேஜர். மேஜரும் குப்பை கொட்டப் போனாலும் தொப்பியில்லாமல் போனதில்லை. வாட்ச்மேன் இதையெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்த வேலை என்று எடுத்துக்கொண்டார். வினை, நாற்காலியில் வந்தது. ஏஜென்சி கொடுத்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்ததை மேஜர் பார்த்தார். "காவல்ல இருக்கறவன் உக்காரலாமா? பூட்ஸை மாட்டு!" நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து பால்கனியில் போட்டார். அன்றைய வெயிலில் வாட்ச்மேன் நின்றார், நின்றார், மத்தியானம் வேரோடு சாய்ந்தார். கேட்டின் கம்பியில் நெற்றி மோதித் தையல் போடும்படி ஆயிற்று. அந்த நாற்காலி பால்கனியில் இருப்பது கீழே போகிற வருகிற எல்லோருக்கும் தெரிந்தது.

வீட்டுக்காரர் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்காமே? அதுல எல்லாரும் சரின்னு சொன்னா இருங்கம்மா. இல்லன்னா இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க. எனக்கும் அலுத்துப் போச்சு."

அவள் நேராக அவரிடம் போனாள். அவர் தொப்பியிலிருந்த பித்தளைச் சின்னத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"என்ன வார்த்தை?"

"மன்னிச்சுக்கப்பான்னு."

"பட்டாளத்துல அந்த வார்த்தையே கிடையாது."

"அப்போ அங்க யாரும் தப்பே பண்ண மாட்டீங்களா? எல்லாரும் மகான்களா?"

பாலிஷ் துணி நின்றது. "அதுக்கு வேற முறை இருக்கு" என்றார்.

"என்ன முறையோ, செஞ்சு தொலைங்க. இந்த வாட்டி நான் மூட்டை கட்ட மாட்டேன். நீங்க முகாம் மாத்திக்குங்க. நான் டீச்சர் வீட்டு ஹால்ல பாயைப் போட்டுப் படுத்துக்குவேன். சொல்லிட்டேன்."

இந்த மாதிரி அவள் சொன்னதே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில். சங்கத் தலைவி பல் டாக்டர். யார் பேசினாலும் வாயை எட்டிப் பார்ப்பதுபோல் கொஞ்சம் குனிந்துதான் கேட்பார். வாட்ச்மேனை உட்காரச் சொன்னார்கள். அவர் தலைக்கட்டோடும் அதன்மேல் இடுக்கி வைத்த தொப்பியோடும் தூண் ஓரமாக நின்றுகொண்டார். எல்லோரும் வந்தாயிற்று, மேஜரைத் தவிர. "அக்கா, வருவாரா?" என்று டீச்சர் காதோடு கேட்டாள். "வராம இருந்தாக்கூட நல்லதுதான் டீச்சர்" என்றாள் இவள்.

வந்தார். நீலக் கோட்டு. நெஞ்சில் பதக்கம், அது சுதந்திரப் பொன்விழா ஆண்டில் சமையற்காரர், முடிவெட்டுபவர் உட்படப் பட்டாளத்துக்குள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் தந்தது. தலையில் தொப்பி. இடுப்பில் பித்தளைப் பட்டை வைத்த அகலமான பெல்ட். பழைய பட்டாளத்துப் பேண்ட். சர்க்கரை நோய் அவரைப் பாதியாக்கிய பிறகு அந்தப் பேண்டைப் பிடித்துத் தருகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். "சர்க்கார் துணியில கத்தரி வைக்கிறதா?" என்று அவர் மறுத்துவிட்டார்; பெல்ட்டில்தான் ஆணியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக்கொண்டு போனார். இவ்வளவு அலங்காரத்தோடு, இரண்டு கையாலும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஊர்வலம் வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை வாட்ச்மேன் பக்கத்தில் வைத்தார். எதிரே போய் நின்று, தரை அதிர ஒரு காலைத் தூக்கி வைத்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். வெயில் படாத மொட்டைத் தலையை அந்தக் குடியிருப்பு அன்றுதான் பார்த்தது. அடுத்து, இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டுபோய், பித்தளைக் கொக்கியை விடுவித்து, பெல்ட்டைச் சரேலென்று உருவினார்.

"ஐயோ, அடிக்கப் போறாரு!"

நாற்காலிகள் கவிழ்ந்தன. வாட்ச்மேன் இரண்டு கையாலும் தலைக்கட்டைப் பொத்திக்கொண்டு தூணோடு ஒட்டினார். இரண்டு பேர் பாய்ந்து மேஜரின் தோளைப் பிடித்தார்கள். "போலீசைக் கூப்பிடுங்க டாக்டர்!" என்று ஒரு குரல். மேஜர் திமிறவும் இல்லை, விளக்கவும் இல்லை. பெல்ட்டை நீட்டிப் பிடித்தபடி, இதில் என்ன குழப்பம் என்பதுபோல் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான புதிதில், விளக்கை அணைத்த பிறகு, குரலைத் தாழ்த்தி அவர் ஒரே ஒரு முறை சொன்னது.

"விடுங்க! அவரை விடுங்க! அடிக்க வரல!" அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. "பட்டாளத்துல தப்பு பண்ணவனைப் பெரிய அதிகாரி முன்னால நிறுத்துவாங்க. அப்போ தொப்பியும் பெல்ட்டும் இருக்கக் கூடாது. கழட்டிட்டுத்தான் நிக்கணும். அதைத்தான் செய்யறாரு."

பல் டாக்டர் குனிந்து கேட்டார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"இவரே நின்னிருக்காரே. கிடங்குல கம்பளி காணாமப் போச்சு. இவரு எடுக்கல. ஆனா கதவைப் பூட்ட மறந்துட்டாரு."

"மேஜரையா நிக்க வெச்சாங்க?"

அவள் அவர் முதுகைப் பார்த்தாள். கோட்டு அசையவில்லை. எதிர்வாசல் திரைச்சீலை நினைவுக்கு வந்தது. இனி ஒரு மூட்டையைக் கட்ட இந்தக் கையால் ஆகாது.

"மேஜர் இல்லீங்க" என்றாள். "ஸ்டோர்ல இருந்தாரு. சாக்ஸ் குடுக்கறது, பூட்ஸ் குடுக்கறது. சண்டைக்கெல்லாம் போகல."

பிடித்திருந்தவர்கள் மெல்லக் கையை எடுத்தார்கள். அவர் பெல்ட்டைச் சுருட்டித் தொப்பியின் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்தார். குதிகால்கள் சேர்ந்தன. இரண்டு கைகளும் பக்கவாட்டில் இறங்கி, கட்டைவிரல்கள் பேண்டின் தையலோடு அழுந்தி ஒட்டிக்கொண்டன. அந்த அழுத்தத்தில்தான் பேண்ட் நின்றுகொண்டிருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"இவருக்குக் கால் எட்டாம் நம்பர்" என்றார் மேஜர் சுவரைப் பார்த்து. குரல் கிடங்கிலிருந்து வருவதுபோல் இருந்தது. "ஏஜென்சி குடுத்த பூட்ஸ் ஏழு. முதல் நாளே பாத்தேன். பாத்துட்டும் சொல்லல. சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. அன்னிக்கு விரலெல்லாம் கன்னிப் போயிருந்துச்சு. அதையும் பாத்தேன். பாத்துட்டு, மாட்டிக்கிட்டு நில்லுன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

டீச்சர் இவள் கையைப் பிடித்தாள். தீர்மானம் என்று ஏதோ எழுதிக்கொண்டு வந்திருந்த பல் டாக்டர் அதை நான்காக மடித்தார், கிழிக்கவில்லை. மேஜர் காத்திருந்தார். பட்டாளத்தில் இந்த இடத்தில் யாராவது "போகலாம்" என்று உத்தரவு கொடுத்தாக வேண்டும். கொடுக்க வேண்டியவர் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் மெல்லத் தூணை விட்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார், அதன்மேலிருந்த தொப்பியைப் பார்த்தார், அந்த வெறுந்தலையைப் பார்த்தார். "பரவால்ல சார். இப்ப வலி இல்ல" என்றார். மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அத்தனை காலைகளில் பழக்கிவிடப்பட்ட கையைத் தூக்கி, ஒரு சல்யூட் அடித்தார். இதுவரை அடித்ததிலேயே இதுதான் சுத்தமாக இருந்தது.

தொப்பியில்லாத தலைக்கு சல்யூட் கிடையாது. அடிக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. மேஜர் அதை மறந்தார். அவருடைய வலது கை தையலை விட்டு நெற்றிக்குப் போனது.

பேண்ட் முழங்காலுக்கு வந்து நின்றது. உள்ளே அவர் போட்டிருந்த டிராயர், மஞ்சளில் பெரிய பெரிய சிவப்புப் பூ.