தோட்டில் வைத்த புள்ளி

"கேமரா பிடிக்கத் தெரியும்ல?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! எட்டு வருஷமா ஊரார் கை நடுக்கத்தையெல்லாம் சரிபண்றவன் நான்."

மூன்று வாரத்துக்கு முன், அடுத்த சீட் எடிட்டரான அவளுடைய அக்கா கல்யாணத்தில், அவள் கேட்டதற்கு அவன் அடித்த சவடால் அது. இப்போது ஸ்டுடியோவில் கணினி முன் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால், அந்த வாயை அன்றைக்கே யாராவது தைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'ஸ்டெடி'. சினிமாக்காரர்கள் ஓடிக்கொண்டே எடுத்த காட்சிகளை ஆடாமல் நிறுத்துவது அவன் வேலை. அந்தக் கல்யாணத்தில் அவன் எடுத்த வீடியோவோ, குண்டும் குழியுமான சாலையில் பஸ்ஸிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்த இடங்களில் பஸ் பள்ளத்திலேயே விழுந்திருந்தது.

அவளிடம் கேட்க வேண்டிய ஒன்றை மூன்று வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தான். இன்றோடு அவளுக்கு இங்கே வேலை முடிகிறது. வேறு ஊரில் வேலை, காலையில் ரயில். வீடியோவையாவது ஒழுங்காகக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தான்.

ஆட்டத்தை நிறுத்த, படத்தில் அசையாத பொருள் ஒன்றில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சின்னப் பெட்டி போட வேண்டும். மென்பொருள் அதைத் துரத்திப் பிடித்து, கேமரா ஆடியதில் அது திரையில் நகரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் படத்தை நகர்த்தும், ஆட்டம் நின்றுவிடும். தூண், கடிகாரம், எதுவானாலும் சரி. ஆள்மேல் மட்டும் போடக் கூடாது, ஆள் நடக்கும்.

இதை ஆறு பேருக்குப் பாடம் எடுத்தவன், பெட்டியை அவள் தோட்டில் போட்டான். பளிச்சென்று இருக்கிறதே என்று தனக்கே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டான்.

ஐந்து மணிக்கு அவள் வந்து பின்னால் நின்றாள். ஓடவிட்டான். திரை நடுவில் தோடு ஆணியடித்தாற்போல் நின்றது. சுற்றிலும் நாற்காலிகள், மணமக்கள், அவள் அப்பா எல்லாரும் படகில் போவதுபோல் மிதந்தார்கள். மாப்பிள்ளை திரையை விட்டே வெளியேறினார்.

"அத்தான் எங்க?"

"இப்ப வந்துடுவார்."

அவள் சிரித்து முடிக்க வெகு நேரமானது. "தூண் இருக்கு, கடிகாரம் இருக்கு. ஏன் ஸ்டெடி, என் தோடு?"

"பளிச்சுனு இருந்துச்சு, அதான்..."

"பொய்."

அவன் எழுந்தான். நாற்காலிச் சக்கரம் அவன் காலிலேயே ஏறியது. குரல், அவன் எடுத்த வீடியோவைப் போலவே ஆடியது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"