நாலாவது வினாடி

இணையத்துக்கு வரும் ஒரு விளம்பரத்தைச் சரிபார்க்க நாலு வினாடி. அதற்குமேல் பார்த்தால் மேலாளர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். இடது விசையைத் தட்டினால் விளம்பரம் ஊருக்குப் போகும். வலதைத் தட்டினால் அங்கேயே நின்றுவிடும். ஆறு வருடமாக இதே வேலை, கண் பார்ப்பதற்குள் கை முடித்துவிடும். அன்று காலையும் அவள் அப்படித்தான் வலதைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் திரையில் இருப்பது தன் அண்ணன் என்பது அவளுக்கு உறைத்தது.

அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கு முன்னால் வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்து அலுத்துப்போய், வார்டு தேர்தலில் தானே சுயேச்சையாக நின்றுவிட்டான். குருவி தலையில் பனங்காய் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எதிரில் நிற்பவருக்கு ஊர்ச் சுவரெல்லாம் சொந்தம். இவனிடம் இருந்தது ஒரு கைபேசி. அதில் விளம்பரம் எடுத்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. வந்ததும் எல்லோரும் அசந்துபோகட்டும் என்று நினைத்திருப்பான், பாவம்.

அரசியல் விளம்பரமே கூடாது என்ற விதி அந்த மாதம்தான் வந்தது. ஊழியர்களிடம் கருத்துக் கேட்டபோது அது வேண்டும் என்று முதலில் கை தூக்கியவள் இவள். போன தேர்தலில் ஒரு வேட்பாளரின் மனைவியை, நர்ஸ் வேலை பார்த்தவளை, பிள்ளை விற்கிறவள் என்று சொன்ன விளம்பரத்தை இதே விரல்தான் ஊருக்கு அனுப்பியது. அந்த நர்ஸ் வேலையையும் விட்டு, ஊரையும் விட்டுப் போனாள். இவளுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை.

தடுத்ததைத் திரும்ப எடுக்கப் பத்து வினாடி உண்டு. திரை ஓரத்தில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன் இரண்டு முறை வேறு யாரோ அவனைத் தடுத்திருந்ததும் அங்கேயே தெரிந்தது. மூன்றானால் தேர்தல் முடியும்வரை அவனுடைய இணையப் பக்கத்தையே பூட்டிவிடுவார்கள். திரையில் அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். பார்த்துச் சொல்லக்கூட ஓர் ஆள் இருந்திருக்கவில்லை. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் எல்லா அண்ணன்களின் தங்கைகளும் அதைத்தானே சொல்வார்கள்? ஊருக்குத்தான் உபதேசமா என்று மனசு குத்தியது. கை மடியிலேயே கிடந்தது. எண் பூஜ்யமானதும் ஒரு ஷாம்பு விளம்பரம் வந்து நின்றது. அழுதுகொண்டே இடதைத் தட்டி அதை ஊருக்கு விட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தைப் பூட்டிவிட்டார்களாம், எல்லாம் மிஷின் செய்கிற வேலையாம், மிஷினோடு யார் போய்ச் சண்டை போடுவது என்று சிரிக்கப் பார்த்தான்.

"மிஷின் இல்லண்ணா. நான்தான்."

அவன் குழாயை மூடினான். வேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"முழுசாப் பாத்தியா?"

"இல்ல. நாலு செகண்டு."

திட்டியிருந்தால் தேவலை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேன் கதவைத் திறந்து அவளை முன்னால் உட்காரச் சொன்னான். தானும் ஏறிக் கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்துப் பிடித்தான்.

"இப்பப் பாரு பாப்பா. ஒன்றரை நிமிஷந்தான்."

படத்தில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பின்னால் பிள்ளைகள் சாலையைக் கடக்கக் காத்து நின்றார்கள். நாலாவது வினாடியில், மடியில் கிடந்த அவளுடைய விரல் தானாக ஒருமுறை துடித்தது. இன்னொரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.